மணல் கேமுக்குள் ஒரு மைன்ஸ்

மவுஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியிலிருக்கும் வட்ட மூடியைத் திருகித் திறந்தால், பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு ரப்பர் உருண்டை உள்ளங்கையில் விழும். கனமாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு உருளைகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டினால் அது நூல் நூலாக உரிந்து வரும். மற்ற ஊர்களில் அந்த அழுக்கு சாம்பல் நிறமாம், பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் நெய்வேலியில் அது கறுப்பு. ஜன்னல் கம்பி, கறிவேப்பிலை, கொடியில் காயும் வெள்ளை வேட்டி என்று எதையும் விடாத கரித்தூள் மவுஸை மட்டும் விட்டுவைக்குமா? நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அந்த உருண்டையைத் தினமும் கழற்றித் துடைத்தோம். அது உருளவில்லை என்றால் எங்கள் சுரங்கம் நின்றுவிடும்.

அந்த விளையாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் பண்ருட்டியில் இருந்த என் மாமா பையன் டேவிட். ஒவ்வொரு கோடையிலும் பலாப்பழ வாசனை ஊறிப்போன ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிடுவான். அத்தை மேல் அவ்வளவு பாசம் என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள். பாசமாவது ஒன்றாவது, அவன் வந்தது கரண்டுக்காக. பண்ருட்டியில் அந்த நாட்களில் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். எங்கள் டவுன்ஷிப்பிலோ கரண்ட் போகாது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்தில் அது எப்படிப் போகும்? "ஊருக்கே வடிக்கிறவன் வூட்ல உலை கொதிக்காதா?" என்பாள் அம்மா. எங்கள் பிளாக்கில் யாரிடமும் இன்வெர்ட்டர் கிடையாது, யுபிஎஸ் கிடையாது, அரிக்கேன் விளக்கு கிடையாது; டார்ச் லைட்டைத் திறந்தால் உள்ளே பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கும். அவ்வளவு திமிர் எங்களுக்கு.

அந்த வருடம் டேவிட் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் கையை விரித்துக் காட்டினான். பிரவுசிங் சென்டரில் பார்த்த ஒரு கேமின் முகவரியைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதி வந்திருந்தான். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்ததில் பாதி எழுத்து வியர்வையில் கரைந்திருந்தது. நானும் பக்கத்து குவார்ட்டர்ஸ் பரீதாவும் ஆளுக்கொரு எழுத்தை ஊகித்துப் போட்டுப் போட்டுப் பார்த்து, வேண்டாத பக்கங்களையெல்லாம் திறந்து மூடி, ஒருவழியாக அதைப் பிடித்தோம். கறுப்புத் திரை. மேலே நான்கு வாய்கள். ஒன்றிலிருந்து மணல், ஒன்றிலிருந்து தண்ணீர், ஒன்றிலிருந்து உப்பு, இன்னொன்றிலிருந்து எண்ணெய், எல்லாம் கடுகு கடுகாகக் கொட்டிக்கொண்டே இருந்தன. மவுஸால் கோடு இழுத்தால் அது சுவர். கொட்டுவது சுவரில் மோதிச் சரிந்து, தேங்கி, வழிந்து, கடைசியில் திரையின் அடிவிளிம்பில் காணாமல் போகும். தீ வைக்கலாம், கொடி நடலாம், ஊற்று வைக்கலாம். சுடுவதற்கு ஆள் இல்லை, மதிப்பெண் இல்லை, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை. "இதுல என்னதான்டா பண்ணணும்?" என்று பரீதா கேட்டதற்கு, "ஒண்ணும் பண்ண வேணாம், பாத்துகினு இருக்கலாம்" என்றான் டேவிட். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் பால் பொங்கியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

நெய்வேலிப் பிள்ளைகள் கையில் மணலும் தண்ணீரும் நெருப்பும் கிடைத்தால் என்ன கட்டுவார்கள்? மைன்ஸ்தான், நிலக்கரிச் சுரங்கம்தான் கட்டுவார்கள். மணலைச் சரிவான சுவர்களில் ஓடவிட்டோம், அது "பெல்ட்". ஓரத்தில் அதைக் கொட்டி மலையாகக் குவித்தோம், அது "மண்மேடு". மேட்டுக்கு அந்தப் பக்கம் திரை முடிந்துவிடும். அப்புறம் மண் எங்கே போகிறது என்பது எங்கள் கவலை இல்லை. மேலிருந்து கொட்டுகிற நான்கில் எரிவது எண்ணெய் ஒன்றுதான் என்பதால் அதுவே எங்களுக்கு நிலக்கரி. அது வழிந்து போய் ஒரு மூலையில் அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், அது "தெர்மல்", கரண்ட் எடுக்கும் அனல்மின் நிலையம். அப்பா மைன்ஸில் மண்ணும் கரியும் ஓடும் கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்ததும் தோளில் துண்டோடு எங்கள் பின்னால் வந்து நின்று, பெல்ட் சாய்வு சரியில்லை, மண் தேங்குது பார் என்று ஆரம்பித்துவிடுவார். எட்டு மணி நேரம் அங்கே பார்த்தது போதாதா, இங்கேயும் டியூட்டியா என்று அம்மா சமையல்கட்டிலிருந்து முனகுவாள்.

பரீதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அக்காக்கள் எல்லோருக்கும் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் மிச்சமிருந்த கடைக்குட்டி. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, காதர் மாமா அந்த மே மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது எங்கள் ஊர் சட்டம். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அப்புறம் ஒருநாள் லாரி வரும். அவர்கள் சேத்தியாத்தோப்புப் பக்கம் சொந்த ஊருக்குப் போவதாக இருந்தார்கள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே மாட்டோம். ஆனால் ஒருநாள் மத்தியானம், திரையில் மண் ஓடிக்கொண்டிருக்கும்போது, பரீதா கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஜெனி, நாங்க லாரி ஏறுறப்ப இது தன்னால ஓடிக்கினு இருக்கணும். யாரும் தொடாம. சரியா?" சரி என்றேன். அந்த விடுமுறையில் எங்களுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று.

தன்னால் ஓடும் சுரங்கம் கட்டுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லைதான், வேறு ஊர்க்காரர்களுக்கு. எங்களுக்கு வினை வந்தது காதர் மாமா உருவத்தில். அவர் வேலை பார்த்தது பம்ப் பகுதியில். எங்கள் மைன்ஸில் கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதைப் படுக்கவைத்திருப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. ஒரு சாயங்காலம் டீ குடிக்க வந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். தண்ணீர் மேலிருந்து கொட்டுவதைப் பார்த்ததும் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் கீழே எப்படிப் போகிறது என்று கேட்டார். அடியில் ஓட்டை விட்டிருக்கிறோம் மாமா என்று காட்டினேன்.

"அடியில ஓட்டையா? அடியில இருந்துதாம்மா நமக்கு எமனே வர்றான்" என்றார்.

அவ்வளவுதான். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. நெய்வேலியில் பிறந்து வளர்ந்துவிட்டு அடியில் ஓட்டை போட்ட மைன்ஸைக் காட்டுவதா? அன்றைக்கே மேலே தண்ணீர் வாயைச் சுவர் வைத்து அடைத்தோம்; அடியை முழுக்க மூடி, நடுவில் ஓர் ஊற்றை வைத்தோம். ஊற்று பொங்கியது, தண்ணீர் ஏறியது, மணல் அமிழ்ந்தது, தெர்மல் அணைந்தது. திரும்பக் கட்டினோம், திரும்ப அணைந்தது. டேவிட் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சிது, இதுக்குப் போயி இந்தப் பாடா? லூசுங்களா நீங்க?" என்று பலாச்சுளையை மென்றுகொண்டே கேட்பான். பண்ருட்டிக்காரனுக்கு என்ன தெரியும், பலாக்கொட்டை எண்ணப் போ என்று விரட்டுவோம். அந்தக் கேமை விளையாடிய உலகத்துப் பிள்ளைகளில் அடியில் ஓட்டை போட மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வழி கண்டுபிடித்தவள் பரீதா. சும்மா அழகுக்கு ஒரு பச்சைக் கொடியை ஊற்றுப் பக்கம் வைத்தாள். அது தண்ணீரைத் தொட்ட இடமெல்லாம் தண்ணீர் பச்சையாகி, கொடி கிளைவிட்டு மேலேறியது. கொடி தண்ணீரைக் குடிக்கிறது! உச்சியில் தீயை வைத்தாள், வளர்ந்த கொடி எரிந்து கரைந்தது. குடிக்கும், வளரும், எரியும், மறுபடி குடிக்கும். அதுதான் எங்கள் பம்ப். நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். காதர் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினோம். அவர் குனிந்து பார்த்து, தலையை ஆட்டி, இன்னொரு டீ கேட்டார். அன்றிலிருந்து டியூட்டிக்குப் போகும்போதும் பள்ளிவாசலுக்குப் போகும்போதும் எங்கள் ஜன்னல் அருகே சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, "பம்ப் ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுது மாமா" என்று உள்ளேயிருந்து கத்துவோம்.

ஓடியது, ஆனால் தன்னால் ஓடவில்லை. ஓர் ஊற்று, ஒரு கொடி என்பதால் சில நேரம் தீ வேர் வரைக்கும் இறங்கிக் கொடியை மொத்தமாகத் தின்றுவிடும். உடனே யாராவது ஒரு பச்சைப் புள்ளியை வைக்காவிட்டால் தண்ணீர் ஏறிவிடும். ஆகவே ஷிப்ட் போட்டோம். காலை ஷிப்ட் பரீதா, மத்தியானம் நான், சாயங்காலம் டேவிட். விடியற்காலை பால் வாங்க எழுகிற அம்மாகூட, மாதா படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்ட கையோடு திரையை எட்டிப் பார்த்து ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டுப் போவாள், கேட்டால் இல்லை என்று சாதிப்பாள். கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதே இல்லை. ஏனென்றால் அந்தக் கேமில் சேமித்து வைக்க வழி கிடையாது. மூடினால் போச்சு. கரண்ட் போனாலும் போச்சு. ஆனால் அதைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் யோசனையே எழவில்லை. நெய்வேலியில் கரண்ட் எங்கே போகும்?

போயிற்று. லாரி வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம், திடீரென்று மேகம் மூடிப் பேய்க்காற்று அடித்து, தெருமுனைப் புளியமரக் கிளை ஒன்று கம்பியோடு விழுந்தது. முதலில் மாதா படத்துக்கு முன்னால் எரிந்த சீரியல் பல்பு அணைந்தது. அப்புறம் ஃபேன். அப்புறம்தான் நான் திரும்பிப் பார்த்தேன். திரை கறுத்து, அதில் எங்கள் மூன்று பேர் முகம் தெரிந்தது. பரீதா அழவில்லை. எழுந்து அவள் வீட்டுக்குப் போய், கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

வெளியே பிளாக்கே கூடிவிட்டது. கரண்ட் போன வீட்டில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஓடிப்போன மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டேவிட் மட்டும் ராஜாவாகத் திரிந்தான். விசிறிக்கு அட்டை கிழித்துக் கொடுத்தான், ஃபிரிட்ஜைத் திறக்காதீங்க என்று பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தான். இருட்டத் தொடங்கியதும், மொத்தத் தெருவிலும் மெழுகுவர்த்தி இருக்கிற ஒரே வீடு எங்கள் வீடுதான் என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கோவில் திருநாளுக்கென்று அம்மா பத்திரப்படுத்தியிருந்த நீள மெழுகுவர்த்திகளை வெட்டி வெட்டிக் கொடுத்தாள். மாதாவுக்கு நேர்ந்தது, பார்த்துப் பத்திரமா ஏத்துங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பேசிச் சிரித்துக்கொண்டே அத்தனை பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள்; பத்து வருஷமாக எதிர்வீட்டில் இருந்தவர்கள்கூட அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பேசிக்கொண்டார்கள் என்று அம்மா பிற்பாடு சொல்வாள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது. நானும் டேவிட்டும் பரீதாவை இழுத்துவந்து உட்காரவைத்தோம். ராத்திரிக்குள் கட்டிவிடலாம் என்று வேக வேகமாகச் சுவர் இழுத்தோம், பெல்ட் போட்டோம், அடியை மூடினோம். காதர் மாமா அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தவர், பின்னால் நின்று பார்த்தார். அவருக்கு முன்தினம்தான் மாலை போட்டிருந்தார்கள். ஊற்று வைக்கிற கட்டம் வந்ததும், "நீயே வை அத்தா" என்று பரீதா மவுஸை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதுவரை மவுஸைத் தொட்டதே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தோம். ஆனால் வால்வுச் சக்கரம் திருகிப் பழகிய கை ஒன்றைப் பிடித்தால் விடுமா? மவுஸை இறுக்கிப் பிடித்தார். அமுக்கிய விரலை எடுக்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓர் இழுப்பு இழுத்தார். அடிவிளிம்பு முழுக்க வரிசையாக ஊற்று. எல்லாம் ஒன்றாகப் பொங்கின. நாங்கள் ஐயோ மாமா, விரலை எடுங்க என்று கத்தக் கத்த, அவர் பதறி இன்னும் அழுத்தினார். பெல்ட் முழுகியது, மண்மேடு முழுகியது, தெர்மல் அணைந்தது. திரை முழுக்க நீலம்.

காதர் மாமா கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் வெளியே இறைச்சேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் உள்ளே வுட்டுட்டேனே" என்றார்.

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் அப்பா. பரீதா சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து கீழே விழுந்து, தரையில் கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாலை போட்டதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த காதர் மாமாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திரும்பக் கட்ட ஒருவருக்கும் தெம்பு இல்லை.

மறுநாள் காலை லாரி வந்தது. கட்டில், பீரோ, தையல் மெஷின், முருங்கைக் கிளை ஒன்று, எல்லாம் ஏறின. மூட்டைகளெல்லாம் ஏறியதும் காதர் மாமா வழக்கம்போல எங்கள் ஜன்னல் பக்கம் வந்து, பழக்க தோஷத்தில், "பம்ப் ஓடுதா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. லாரிக்குள் இருந்த பரீதா மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். லாரி தெருமுனை திரும்பும் வரைக்கும் அவள் சிரிப்பு கேட்டது. அழுவதற்கென்று இரண்டு பேரும் திட்டம் போட்டு வைத்திருந்தோம், நடக்கவில்லை.

உள்ளே வந்து பார்த்தேன். நீலத் திரை அப்படியே நின்றது. மூட மனசு வரவில்லை. என்னவோ தோன்றி ஒரு மூலையில் ஒரு பச்சைப் புள்ளியை வைத்தேன், மேலே ஒரு தீயை வைத்தேன், டேவிட்டை பஸ் ஏற்றிவிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீலத்தைக் காணோம். கொடி மொத்தத் தண்ணீரையும் குடித்துத் திரையெங்கும் பச்சையாகி, உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. முழுகிக்கிடந்த பெல்ட்டில் மறுபடி மணல் ஓடியது. தெர்மல் அணைந்தே கிடந்தது. அங்கே ஒரு தீயை வைத்தேன், நின்று எரிந்தது. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன், தீ வேர் வரைக்கும் வரும், கொடி செத்துப்போகும் என்று. சாகவில்லை. அடி முழுக்க ஊற்று இருந்ததால் ஓர் இடத்தில் எரிந்தால் இன்னோர் இடத்தில் பச்சை பிழைத்துக்கொண்டது. மறுநாளும் ஓடியது, அதற்கு மறுநாளும். நாங்கள் ஷிப்ட் போட்டுக் காவல் காத்தும் ஓடாதது, காதர் மாமா கைதவறி இழுத்த ஒரு கோட்டில் தன்னால் ஓடியது.

அந்த வாரக் கடைசியில் சேத்தியாத்தோப்பிலிருந்து போன் வந்தது. காதர் மாமாதான். வந்து சேர்ந்த விவரம், வீட்டு விவரம் எல்லாம் அப்பாவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பம்ப் ஓடுதா?" என்றார். கேலிக்குத்தான் கேட்டார்.

"ஓடுது மாமா. யாரும் தொடலை. நீங்க வச்ச ஊத்துதான்" என்றேன்.

அவர் போனைக் கீழே வைக்காமலே, "பரீதா, ஓடுதாம்மா, ஓடுதாம்" என்று வீடே அதிரக் கத்தியது கேட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாதாவுக்குக் குரோஷாவில் பின்னிய துணியை எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் போர்த்திவிட்டாள். நானும் தடுக்கவில்லை. லாரி போன பிறகானாலும், யாரும் தொடாமல் ஓடிவிட்டது என்ற திருப்தி எனக்கு இருந்தது.

இப்போது சென்னையில் இருக்கிறேன். என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதை அப்பா வந்து பார்க்கும்போதெல்லாம் நான் ஏதோ குலப்பெருமையைக் கெடுத்துவிட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார். அப்பாவும் ரிட்டயர் ஆகிக் காலி செய்தாயிற்று. எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் இப்போது யாருடைய துணி காய்கிறதோ தெரியாது. மவுஸுக்குள் உருண்டை போய்விட்டது. அந்த மணல் கேமைத் தேடிப் பார்த்தேன். அதை ஓட்டிய பழைய முறையையே இன்றைய கம்ப்யூட்டர்கள் கைவிட்டுவிட்டனவாம், வெறும் சாம்பல் கட்டம்தான் வருகிறது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் போனில் அதே மாதிரி ஒன்று விளையாடுகிறாள். அதில் எரிமலைக் குழம்பு, அமிலம், வெடிமருந்து, பனிக்கட்டி எல்லாம் இருக்கிறது, தானே சேமித்தும் கொள்கிறது. போன வாரம் எட்டிப் பார்த்தேன், அடியில் பெரிதாக ஓர் ஓட்டை விட்டிருந்தாள். "அடியில ஓட்டை போடாதடி" என்று என்னை அறியாமல் அதட்டிவிட்டேன். குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்தது.

பரீதா மாதத்துக்கு ஒருமுறையாவது வீடியோ காலில் வருவாள். பேசி முடிக்கும் முன் போனை அவள் அத்தா பக்கம் திருப்புவாள். காதர் மாமாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆட்களின் பெயர்களும் குழம்புகின்றன. என்னைச் சில நாள் ஜெனி என்பார், சில நாள் தன் மூத்த மகள் பெயரைச் சொல்லுவார். ஆனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துக் கேட்கிற கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. பக்கத்து ஃப்ளாட்காரர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று, அவர் காதில் விழுகிற அளவுக்கு உரக்கக் கத்துகிறேன்: "ஓடுது மாமா."